பாதியில் நின்ற மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைத் தம் விருப்பப்படி உருவமைத்து ஓட்ட வேண்டும் என்னும் ஆசை நம்மவர் பலருக்கு உண்டு. நல்ல நிலையிலுள்ள வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே, யாரோ பிரித்துப் போட்டு முடிக்காமல் விட்ட வண்டியைத் தேடிப் புறப்படுகிறோம். புனே நகரில் நான் இருமுறை அவ்வாறு வாங்கினேன். முதல் முறை ஏமாந்தேன். இரண்டாம் முறை ஏமாற்றும் வாய்ப்பு என் கைக்கே வந்தது.

நான் தேடியது 350 சி.சி. புல்லட். அதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. இந்திய ராணுவம் 1950-களில் எல்லைக் காவலுக்கென்று இங்கிலாந்திலிருந்து 800 புல்லட்டுகளைத் தருவித்தது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிற்று. பின்னர் திருவொற்றியூரிலேயே உறுப்புகள் யாவும் உருவாகலாயின. ரெட்டிச் நகரத்துத் தாய்த் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. என்ஜினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாமல் இருந்தமையால், பழைய புல்லட்டுக்கு உறுப்பு தேடுவது ஏனைய பழைய வண்டிகளுக்குத் தேடுவதைவிட எளிது. மைசூரில் செய்யப்பட்ட ஜாவாவும் அழகிய வண்டிதான். ஆனால் அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது.

முதல் வண்டியைத் தரகர் ஒருவர் காட்டினார். பளபளக்கும் டாங்கி, புது டயர்கள், பெட்டி நிறையப் புதுச் சாமான்கள். ஆர்.சி. புத்தகம் மட்டும் “அடுத்த வாரம் வந்துவிடும்” என்றார். நான் டாங்கியைப் பார்த்தேனே அன்றிச் சேஸிஸ் எண்ணைப் பார்க்கவில்லை. கைப்பிடி திரும்பும் கழுத்துக் குழாயில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். புத்தகம் ஒருவாறு வந்து சேர்ந்தபோது மண்ணெண்ணெய்த் துணியால் அவ்விடத்தைத் துடைத்தேன். பழைய எண் அரத்தால் ராவப்பட்டு, வேறு எண் கோணல்மாணலாகக் குத்தப்பட்டிருந்தது. பதிவு அலுவலகத்தில் அவ்வண்டியை ஏற்க மறுத்துவிட்டார்கள். இரண்டாண்டுச் சேமிப்பு போயிற்று. வீட்டில் இரண்டு நாள் என்னுடன் பேச்சில்லை. அதில் நியாயமும் இருந்தது.

அன்று தெரிந்துகொண்டேன்: பிஸ்டனை வாங்கலாம், வால்வை வாங்கலாம், சக்கரக் கம்பிகளையும் வாங்கலாம், சேஸிஸையும் அதற்குரிய காகிதத்தையும் கடையில் வாங்க இயலாது.

மூன்றாண்டுகள் கழித்து, கிர்க்கியில் வசிக்கும் நம்மவர் ஒருவர் மூலம் மற்றொரு வண்டி இருப்பதாக அறிந்தேன். ராணுவப் பணிமனையில் பிட்டராக இருந்து காலமான ஒருவரின் வீடு. மாடிப்படியின் கீழ், சாக்குப் போர்வைக்குள் 1964-ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்று, சக்கரங்களின் மேல் எலும்புக் கூடாக நின்றது. என்ஜின் மரப்பெட்டியில் தனித்தனியாகக் கிடந்தது. அவருடைய மனைவியார் வாயிற்படியில் அமர்ந்துகொண்டார். நான் தரையில் அமர்ந்து சோதித்தேன்.

எண்கள் இரண்டும் புத்தகத்தோடு பொருந்தின. அடுத்து, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம்வரை இருபுறமும் நூல் பிடித்தேன், சேஸிஸ் வளையவில்லை. கிராங்க் கேஸின் இரு பாதிகளும் ஆலையில் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. வெவ்வேறு என்ஜின்களின் பாதிகளைச் சேர்த்தால் துளைகள் நேர்ப்படா. இவை ஒரே ஜோடியாகவே இருந்தன. போல்ட் துளைகளின் ஓரத்தில் வெடிப்பும் இல்லை. சிலிண்டரின் மூல விட்டம் 70 மில்லிமீட்டர். தேய்மானத்திற்கேற்ப 20, 40, 60 தௌ என்று போர் செய்யலாம். அதற்கு மேல் போனால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். இது 40-இல் இருந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. மேலும் கீழும் ஆடக் கூடாது. இது மேலும் கீழும் ஆடியது.

வேலை நின்றதற்குக் காரணம் அதுதானா என்று கேட்டேன். அந்த அம்மையார் உள்ளே சென்று நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொணர்ந்தார். கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதைக் கணவர் தமிழில் எழுதி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில், ‘கிராங்க் புஷ் வரவேண்டும்’ என்றிருந்தது. அதற்குப் பின் எழுத்தில்லை.

முடிக்கப்படாத வண்டியை வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது ஏன் நின்றது என்பதே. பணம் தீர்ந்து நின்றதும், வண்டியில் தீராக் குறை கண்டு நின்றதும், ஆளே இல்லாமற்போய் நின்றதும் ஒன்றல்ல.

“காயலான் கடைக்காரர் எடை போட்டு ஒன்பதாயிரம் சொன்னார், தம்பி. நீங்கள் பத்தாயிரம் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

நேயர்களே, நான் உடனே விடை சொல்லவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை. முன்பு இழந்த பணம் நினைவிற்கு வந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அந்த நோட்டுப் புத்தகம் என் மடியில் இருந்தது.

“அம்மா, இது எடைக்குப் போடும் சாமான் அன்று. காகிதம் சரியாக உள்ள இந்த வண்டிக்கு நாற்பத்தையாயிரம் தரலாம். ஆனால் முதலில் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்” என்றேன். அவர் என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்தார். அதிகம் கொடுக்கிறேன் என்பவனை நம்புவதும் கடினந்தானே!

உரிமையாளர் காலமானால் வாரிசு 31-ஆம் படிவம் அளித்துப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே விற்பனைக்குரிய 29, 30-ஆம் படிவங்கள். வண்டியைச் சொந்த ஊருக்கோ வேறு மாநிலத்திற்கோ கொண்டு சென்று பதிய எண்ணுவோர் 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். அலைச்சல் பொறாமல் காகிதமின்றி வாங்குவோர் படும் பாட்டை முன்னரே சொன்னேன்.

பின்பக்கத்தை அறுத்துக் குட்டையாக்கி, ஒற்றை இருக்கை வைத்து, பாபர் என்னும் பாணியில் அமைப்பதாகவே என் திட்டம் இருந்தது. பதிவில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2021-இல் வந்த விதிகளோ, 50 ஆண்டு கடந்து மூலவடிவம் பெரிதும் மாறாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு தருகின்றன. அப்படிப் பதிந்ததை அன்றாடம் ஓட்ட முடியாது. யோசித்து ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். ஸ்பானரால் கழற்றக்கூடியதை மாற்றலாம். சேஸிஸில் ரம்பம் படக்கூடாது. ஒற்றை இருக்கை வரும், கைப்பிடி தாழும். பழையவை பரணில் பத்திரமாக இருக்கும்.

வேலை இப்பொழுது ஒரு மராட்டிய மெக்கானிக்கின் பட்டறையில் நடைபெறுகிறது. கிராங்க் புஷ் கிடைத்துவிட்டது. டப்பாக்களின் மேல் ஒட்டிய தமிழ்ச் சீட்டுகள் அவருக்கு விளங்காமையால் ஞாயிறுதோறும் என்னை அழைத்துப் படிக்கச் சொல்கிறார். சென்ற வாரம் ஒரு சிறு டப்பாவைக் காட்டி, இதை வீசிவிடலாமா என்றார். வாங்கிப் பார்த்தேன். ‘கிக்கர் ஸ்பிரிங், பழையது, நன்றாயிருக்கிறது, எறியாதே’ என்று எழுதியிருந்தது. அதையே மாட்டச் சொன்னேன்.