பர்பெரா: கூலிக்காரரின் ஒயின்

இத்தாலிய ஒயின் பற்றி நான் பேசப்போவதாக அறிவிப்பு வந்ததும், எங்கள் சபை அக்கா ஒருவர் "நீ எப்போதிலிருந்து குடிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். திருவிருந்தில் உதடு நனைவதோடு சரி. ஆனால் நான் சுவிட்சர்லாந்தில் முதியோர் இல்லச் செவிலி. கட்டட வேலைக்கு இங்கே வந்து முதுமையடைந்த இத்தாலியர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டோடு அரைக் கோப்பை ஊற்றுவதும் என் வேலைதான்.

சிசிலிக்காரருக்கு வெயில் ஏறிக் கறுத்த நேரோ தாவோலா. டஸ்கனிக்காரருக்குக் கியான்தி. வடமேற்கே, பியமோன்ட்டிலிருந்து வந்த தாத்தாவுக்குப் பர்பெரா மட்டுமே.

பியமோன்ட்டின் பெருமை பரோலோ. நெபியோலோ திராட்சையில் செய்வது. நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். விதிப்படி 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம். கூலிக்காரர் அதற்கு எங்கே போவார்? பர்பெரா நேரெதிர். அடர்ந்த நிறம், குறைந்த துவர்ப்பு, நல்ல புளிப்பு. கொழுப்பான சாப்பாட்டுக்கு நம் ரசம் மாதிரி. கொடி தாராளமாகக் காய்க்கும், அதனால் மலிவு.

1986-இல் சில வியாபாரிகள் மலிவு ஒயினில் ஆல்கஹால் அளவைக் கூட்ட மெத்தனால் கலந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலருக்குப் பார்வை போனது. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அதற்கு ஒரு மாற்று மருந்து எத்தனால், அதாவது சாதாரணச் சாராயம் என்று டிப்ளமோவில் படித்தபோது சிரித்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்த இரவு சிரிப்பு வரவில்லை. அதே மெத்தனால், 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். தாத்தாவிடம் சொன்னேன். "எங்கள் ஆட்கள் கடையில் லேபிள் பார்த்துத்தான் வாங்கினார்கள்" என்றார். அன்று அவர் கோப்பையைத் தொடவில்லை.

பர்பெராவின் மானத்தைக் காத்தவர்களில் ஒருவர் ரொக்கெத்தா தானாரோ ஊரின் ஜாக்கொமோ பொலோஞ்ஞா. 1982 அறுவடையையே சிறிய ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து, பரோலோவுக்குப் பக்கத்தில் உட்காரும் பர்பெராவைச் செய்தார். பெயர் பிரிக்கோ தெல்லுச்செல்லோனே. விலையும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, அது வேறு கதை.

தாத்தாவின் பிறந்தநாளுக்கு நாங்கள் காசு சேர்த்து ஒரு புட்டி வாங்கினோம். ஒரு வாய் குடித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"நன்றாக இருக்கிறது மகளே. ஆனால் இது பணக்கார வீட்டில் வளர்ந்த பர்பெரா. நாளைக்கு வழக்கமானதையே ஊற்று."

ஊற்றினேன்.