தூக்காத கை

(கண்டமங்கலத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் தாத்தாக்கள் பண்ணையார் எதிரே துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி நின்றார்கள். அப்படி நிற்க மறுத்த முதல் ஆளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இத்தாலியில் புருனோ நேரி என்றொரு கால்பந்து வீரர் இருந்தார். 1931 செப்டம்பரில் பிளாரன்ஸ் நகரில் புதிய மைதானத் திறப்பு விழா. முஸோலினியின் ஆட்சிக் காலம். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று, கைதூக்கி பாசிஸ்ட் வணக்கம் செலுத்தினர். நேரி மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

பின்னர் தேசியக் குழுவிலும் ஆடினார். பேரும் புகழும் வந்தன. ஆனால் 1943இல் ஜெர்மன் நாஜிப் படை வட இத்தாலியைப் பிடித்தபோது அவர் வீட்டில் முடங்கவில்லை, மலையேறினார். "ராவென்னா" என்ற கொரில்லாப் படைக்குத் துணைத் தளபதியானார். நேசநாட்டு விமானங்கள் போடும் ஆயுதங்களை எடுத்துவர, முன்னே போய் வழி பார்த்தார். 1944 ஜூலை 10 அன்று மர்ராடி அருகே ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றனர். வயது 33.

அவர் பிறந்த பாயென்ஸா ஊரின் மைதானத்துக்கு இன்று அவர் பெயர். பக்கத்து நகரமான போர்லியில், அதே யுத்தத்தில் மடிந்த இந்தியச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன.

தோழர்களே! அன்று கை தூக்காதவர்தான் பின்னர் துப்பாக்கி தூக்கினார். துணிவு ஒரே நாளில் வருவதில்லை. குறைத்து எழுதிய கூலிக் கணக்கில் கைநாட்டு வைக்க மறுக்கிறோமே, அங்கேதான் அது பிறக்கிறது!