தீர்ப்புப் பெற்றவன் யாரிடம் வசூலிப்பான்?

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சூது தீது என்று எடுத்துரைக்க நாம் இம்மேடைக்கு வரவில்லை. அதற்கென வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்துச் சென்றுள்ளார். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சட்டம் பற்றியது. முன்னாளிற் சூதாடுவோன் சூதாடுமிடத்தைத் தேடிச் சென்றான். இன்றோ அவ்விடம் கைத்தொலைபேசியினூடாக அவன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆடுகின்றவன் ஒரு நாட்டில் இருக்கின்றான்; ஆட்டுவிக்கின்றவன் கடல் கடந்த வேறொரு நாட்டில் இருக்கின்றான். அங்கே அது அனுமதிப்பத்திரம் பெற்ற வணிகம். இங்கே அது தண்டனைக்குரிய குற்றம். இரு சட்டங்களும் மோதும்போது எது செல்லும்?

இவ்வினா உலக அரங்கில் ஒருமுறை வழக்காகவே எழுந்தது. வழக்காளி, அன்ரிகுவா பாபுடா என்னும் கரிபியன் தீவு நாடு. எதிராளி, ஐக்கிய அமெரிக்கா. அன்ரிகுவா 1981 இற் சுதந்திரம் பெற்ற நாடு. அதன் குடிமக்கள் ஓர் இலட்சம் பேர் வரையிலேயே. கரும்புச் செய்கை நலிந்தபின் உல்லாசப் பயணிகளை நம்பியே அது வாழ்ந்தது. புயலடித்தால் அந்த வருவாயும் படுத்துவிடும். 1995 இல் வீசிய பெரும்புயல் அதனை நன்கு உணர்த்திற்று. ஆகவே அந்நாடு இணையவழிப் பந்தய நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிப் புதிய தொழிலொன்றை வளர்த்தது. வாடிக்கையாளருட் பெரும்பாலோர் அமெரிக்கர்.

அமெரிக்காவோ, தொலைபேசிவழிப் பந்தயத்தைத் தடுக்க 1961 இல் இயற்றிய சட்டத்தை இணையத்தின் மீதும் ஏவியது. அன்ரிகுவாவில் நிறுவனம் நடத்திய ஜே கோஹன் என்னும் அமெரிக்கர் 1998 இற் குற்றஞ்சாட்டப்பெற்றார். 2000 இல் அவருக்கு 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நாடு கொடுத்த அனுமதிப்பத்திரம் மற்றொரு நாட்டின் நீதிமன்றத்தில் வெறுங் கடதாசியாயிற்று.

2003 இல் அன்ரிகுவா உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. சேவை வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில், விளையாட்டு நீங்கலான ஏனைய பொழுதுபோக்குச் சேவைகளுக்குத் தன் சந்தையைத் திறந்துவிடுவதாக அமெரிக்கா ஒப்பியிருந்தது. சூதாட்டம் அந்த வாக்குறுதியில் அடங்காது என்று அது வாதித்தது. அவ்வாதம் எடுபடவில்லை. பின்னர், பொது ஒழுக்கத்தைக் காப்பதற்காகவே தடை விதித்தோம் என்றது. 2005 இல் மேன்முறையீட்டுக் குழு இதனை எடைபோட்ட முறை நம் அனைவராலும் கருதத்தக்கது.

தன் மக்களின் ஒழுக்கத்தைக் காக்கும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு என்பதை அக்குழு ஏற்றது. அதற்குத் தடைச்சட்டங்கள் தேவை என்பதையும் ஏற்றது. ஆனால் 1978 ஆம் ஆண்டின் குதிரைப் பந்தயச் சட்டத்தைக் கையிலெடுத்து ஒரு வினா எழுப்பியது. உள்நாட்டார் தொலைவிலிருந்து குதிரைப் பந்தயம் ஏற்பதற்கு அச்சட்டம் வழிவிடுவதுபோற் காண்கிறதே, வெளிநாட்டாருக்கு மட்டும் தடையா? இதற்கு அமெரிக்காவினால் தக்க விடை கூற இயலவில்லை. நாம் இதிலிருந்து கொள்ளும் முடிபு இது: அயலான் கடையை மட்டும் அடைக்கும் சட்டம் ஒழுக்கத்தின் பெயரால் நடக்கும் வியாபாரமேயன்றி வேறன்று.

சிறிய தீவு வென்றது. ஆனால் வென்று என்ன பெற்றது? அமெரிக்கா சட்டத்தைத் திருத்தவில்லை. 2006 இல், சட்டவிரோத இணையவழிச் சூதாட்டத்துக்கு வங்கிகள் பணம் அனுப்புவதைத் தடுக்கப் புதிய சட்டமும் இயற்றியது. 2007 இல், கொடுத்த வாக்குறுதியையே மீளப் பெறுவதாக அறிவித்தது. தனக்கு ஆண்டுதோறும் 344 கோடி டொலர் நட்டம் என்றது அன்ரிகுவா. 5 இலட்சந்தான் என்றது அமெரிக்கா. நடுவர்கள் 2 கோடி 10 இலட்சம் என்று அறுதியிட்டனர். அத்தொகையளவுக்கு அமெரிக்காவின் புலமைச் சொத்துரிமைகளைப் பாதுகாக்கும் கடமையை இடைநிறுத்தலாம் என்ற அதிகாரம் 2013 இல் அன்ரிகுவாவுக்குக் கிடைத்தது. ஆயினும் 2018 இலும், தீர்வு கிட்டவில்லை என்று அந்நாடு அதே அமைப்பின் முன் முறையிட்டுக்கொண்டே இருந்தது.

அதே 2018 இல் நிகழ்ந்ததை நோக்குங்கள். விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கலாகாது என்ற 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உயர்நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்து வரி அறவிட்டு வருகின்றன. தீவார் நடத்தியபோது ஒழுக்கக்கேடாக இருந்தது, தாமே நடத்தியபோது வருவாய் ஆயிற்று!

ஏனைய நாடுகள் என்ன செய்கின்றன? பிரித்தானியா 2014 இல் ஒரு சட்டமியற்றியது. எங்கிருந்து நடத்தினும், பிரித்தானிய மக்களிடம் பந்தயம் ஏற்பவர் பிரித்தானிய அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும் என்றது அது. 2020 இற் கடனட்டையாற் சூதாடுவதும் அங்கு தடுக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் 2001 ஆம் ஆண்டுச் சட்டம், இணையவழிச் சூதாட்ட விடுதிகள் தன் மக்களுக்குச் சேவை வழங்குவதைத் தடுத்தது. ஆனால் பிறநாட்டு மக்களுக்கு வழங்குவதைப் பொதுவில் தடுக்கவில்லை. இந்தியாவின் 2025 ஆம் ஆண்டுச் சட்டம், திறமையாட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவோரையும் விளம்பரஞ் செய்வோரையும் தண்டிக்கிறது. ஆடி இழந்தவனைத் தண்டிக்கவில்லை. சிங்கப்பூரோ, அனுமதியற்ற இடத்தில் ஆடுபவனையும் குற்றவாளியாக்குகிறது.

மால்ட்டாவின் செயலே மிகக் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கு அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களிடம் பணம் இழந்தோருக்கு, அதனைத் திருப்பிக் கொடுக்குமாறு ஒஸ்திரியா, ஜேர்மனி நாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. மால்ட்டா 2023 இற் சட்டமியற்றி, தன் நிறுவனங்களுக்கு எதிரான அத்தகைய வெளிநாட்டுத் தீர்ப்புகளை நிறைவேற்ற மறுக்குமாறு தன் நீதிமன்றங்களைப் பணித்தது.

அன்பர்களே! இவை தூரத்துக் கதைகள் என்று நாம் இருந்துவிடலாகாது. நமது சூதாட்டக் கட்டளைச்சட்டம் 1889 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 2025 இல், சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டமும் அதன் வரம்புக்குட்பட்டதே. அதிகாரசபை யாருக்காக? வரி திரட்டும் திறைசேரிக்காகவா, இழக்கும் குடும்பத்துக்காகவா?

நெல் விற்ற பணம் அறுவடை முடிந்த கிழமையிலேயே ஒரு கைத்தொலைபேசியிற் கரைந்துபோனால், அந்தக் கமக்காரனின் மனைவி எந்த வாசலில் முறையிடுவாள்? ஓர் அரசே உலக மன்றத்தில் வென்றும் வசூலிக்க இயலாதபோது, கடல் கடந்த கம்பனியிடம் அவள் எவ்வாறு வசூலிப்பாள்?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. இந்நாட்டு மக்களிடம் பந்தயம் ஏற்பவன் எவனாயினும், இங்கே அலுவலகம் வைத்தல் வேண்டும். இங்குள்ள வங்கியிற் பிணைப்பணம் கட்டுதல் வேண்டும். நமது நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பணிதல் வேண்டும். உள்நாட்டானுக்கும் வெளிநாட்டானுக்கும் அளவுகோல் ஒன்றே ஆதல் வேண்டும். தண்டனை ஆட்டுவிப்பவன் மீது விழவேண்டுமேயன்றி அழிந்தவன் மீதன்று. உங்கள் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோரிடம் இவற்றைக் கேளுங்கள். எழுத்தில் விடை வாங்குங்கள். வசூலிக்க வழியில்லாத தீர்ப்பு, தண்ணீர் இல்லாத வாய்க்கால். அதனை நம்பி விதைத்தவன் அறுப்பது ஒன்றுமில்லை.