ஔஷத தானமும் கருவிழிப் புண்ணும்



குறண்டித் திருக்காட்டாம்பள்ளியில் நம் முனிவர்கள் அறம் வளர்த்த நாடு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம். வானம் பார்த்த இப்பூமியில் கதிர் அறுக்கையில் தாளின் நுனியோ, கருவேல முள்ளோ கண்ணைக் கீறுதல் புதிதன்று. அக்கீறல் வழியே பூஞ்சை புகுந்தால் கருவிழியில் புண் உண்டாகும். குளிர் நாடுகளில் அரிதான இந்நோய், வெப்பமும் உழவும் மிக்க நம் நாட்டில் பலர் பார்வையைப் பறிக்கின்றது.

பச்சிலைச் சாறு ஊற்றுவதும், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து இடுவதும் தீங்கையே பெருக்கும். 1976ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில், புண்ணைச் சிறிது சுரண்டி, நுண்ணோக்கியில் கண்டு, பூஞ்சையா பாக்டீரியாவா எனத் தெளிந்தே மருந்தளிக்கின்றனர். பூஞ்சையாயின் நாட்டமைசின் சொட்டு மருந்து. தொடக்கத்தில் மணிக்கொரு முறை, பின்னர்ப் பல வாரங்கள். முற்றிவிட்டால், இறந்தவர் ஈந்த கருவிழியைப் பொருத்த நேரும்.

கூலி போகுமே என்று நான்கு நாள் பொறுத்தவர் கண்ணையே இழக்கின்றார். ஆகவே மருந்து வாங்கித் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. கீறல் பட்டவரை உடனே அழைத்துச் சென்று காட்டுவது ஔஷத தானம். அவர் வீட்டு உலைக்கு அரிசி தருவது ஆகார தானம். கண்ட மருந்தை ஊற்றாதே என்று அறிவுறுத்துவது சாஸ்திர தானம். இருளுக்கு அஞ்சுபவர் அருகில் இருப்பது அபய தானம். ஒரு கண்ணைக் காக்கையில் நால்வகைத் தானமும் நிறைவேறுகின்றன.

ஜினதர்மம் ஓங்குக!