விளையாட்டு விதியை விற்பது எப்படி?

(கொண்டப்பநாயக்கன்பட்டியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, கால் மணி நேரம் பேசோணும். ஆனா உன் வேலையைப் பத்தி மட்டும் பேசாதே, எல்லாரும் அதையேதான் பேசறாங்க" என்றார். ஆகவே பம்பு, வால்வு எல்லாவற்றையும் ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு, என் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார், தெருக்கூத்தில் கட்டியக்காரன் மாதிரி. மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கிணற்றுக்குள் இறங்குகிறேன்" என்று ஒருவர் சொன்னால், இறங்க முடிந்ததா, கயிறு அறுந்ததா என்பதைப் பகடை சொல்லும். இதற்கு ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். போர்டு கிடையாது, காய் கட்டாயமில்லை. ஒரு விதிப் புத்தகமும் பகடையும் போதும்.

நம் பாட்டிமார் பல்லாங்குழி விதியை யாருக்காவது விற்றார்களா? வாயால் சொன்னார்கள், பேத்தி கற்றுக்கொண்டாள். அப்படியிருக்க, வெறும் விதியை அச்சடித்து ஒரு தொழிலே நடத்துகிறார்களே, எப்படி?

1974இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள், ஒரு பெட்டி, விலை 10 டாலர். முதலில் அடித்தது 1,000 பிரதிதான். பெட்டிக்குள் புத்தகம் அடுக்கியது வீட்டில் வைத்து. நம்ம ஊர் குடிசைத் தொழில் மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து பேர் விளையாட ஒரே ஒருவர் புத்தகம் வாங்கினால் போதும். புத்தகம் தேயவும் தேயாது. இட்லிப் பானை வாங்கியவர் அடுத்த வருஷமும் வாங்குவாரா? மாட்டார். அப்போது அவருக்கு இட்லித் தட்டு, துணி, சட்னிப் பாத்திரம் என்று விற்கவேண்டும். அதுதான் துணை நூல். 1975லேயே 'கிரேஹாக்' என்ற முதல் துணை நூல் வந்துவிட்டது. திருடன் என்ற புதுப் பாத்திர வகை அதில்தான் சேர்ந்தது. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கதை நடத்துபவருக்கான புத்தகத்தை மேஜைக்கு ஒருவர்தான் வாங்குவார். ஆடுபவருக்குப் புது வித்தை தரும் புத்தகத்தை நாலு பேரும் வாங்கலாம்.

அந்த டி.எஸ்.ஆர். கம்பெனி 1990களில் இதை அளவு மீறிச் செய்தது. பாலைவன உலகம், பேய் உலகம், அரேபிய உலகம் என்று ஏகப்பட்ட கற்பனை உலகங்கள், ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் புத்தகங்கள். பாலைவன உலகத்தில் ஆடுகிறவர் பேய் உலகப் புத்தகத்தை ஏன் வாங்கவேண்டும்? வாங்குகிற கூட்டம் பெருகாமல் துண்டு துண்டாகப் பிரிந்தது. புத்தகக் கடைகளுக்கு விநியோகம் செய்த ராண்டம் ஹவுஸ், சரக்கு போனவுடனேயே பணம் கொடுத்தது. விற்காத சரக்கு திரும்பி வந்தபோது அந்தப் பணம் கடனாகிவிட்டது. 1997இல் கம்பெனியே விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கைக்குப் போனது. தேவைக்கு உற்பத்தியா, ரொக்கத்துக்கு உற்பத்தியா என்று நம் உற்பத்தி மேலாண்மைப் பாடத்தில் படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை.

புது முதலாளி யோசித்தார். லாபம் அடிப்படை விதிப் புத்தகத்தில். துணை நூலில் உழைப்பு அதிகம், வரவு குறைவு. சரி, துணை நூலை ஊரார் எழுதட்டும்! 2000இல் திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்டார்கள். ஊரார் எத்தனை எழுதினாலும் அடிப்படைப் புத்தகம்தானே விற்கும்! சின்னச் சின்னப் பதிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பினார்கள்.

2023 ஜனவரியில் அந்தக் கதவைப் பாதி சாத்தப் பார்த்தார்கள். ஆண்டு வருமானம் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினால் மேற்கொண்டு வருவதில் 25 சதவீதம் வரை பங்கு என்று ஒரு வரைவு வெளியே கசிந்தது. இருபது வருஷமாக அந்த உரிமத்தை நம்பிக் கடை போட்டவர்கள் கொதித்துப்போனார்கள். திருத்திய வரைவைப் பற்றிக் கருத்துக் கேட்டதற்கு 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். 88 சதவீதம் பேர் அந்த உரிமத்தில் பதிப்பிக்க மாட்டோம் என்றார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி கம்பெனி இறங்கி வந்து, சுமார் 400 பக்க அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். திரும்பப் பெற முடியாது.

"அண்ணா, விதியையே ஒருத்தர் சொந்தம் கொண்டாட முடியுமா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நம் நாட்டிலேயே இதற்கு வழக்கு நடந்திருக்கிறது. கொல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் 'ஸ்கிராபுலஸ்' என்று ஒரு சொல் விளையாட்டை நடத்த, ஸ்கிராபிள் உரிமையாளரான மேட்டல் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2008இல் வந்த இடைக்கால உத்தரவு, அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. ஆனால் போர்டுக்கும் விதிக்கும் காப்பிரைட் கோரியதை ஏற்கவில்லை. அவர்கள் பெயரை 'லெக்சுலஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக, விதி என்ற கருத்து பொது. அதை விளக்கும் எழுத்தும், படமும், பெயரும்தான் சொத்து.

இதை நாம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். நம் பச்சீசியை அமெரிக்காவில் 1870களிலேயே 'பார்ச்சீசி' என்று பெட்டியில் போட்டு, பெயரை டிரேட்மார்க் ஆக்கி விற்றார்கள். இங்கிலாந்தில் 1896இல் 'லூடோ' என்று பேட்டன்ட் வாங்கினார்கள். நம் தாயக்கட்டை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. குற்றம் சொல்லிப் பயனில்லை. எழுதி வைத்தவன் விற்றான், அவ்வளவுதான்.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல் எழுதிய ஒரு சாகசக் கதை 2022இல் அந்த விளையாட்டின் அதிகாரபூர்வ நூலிலேயே வந்தது. ஆனால் தமிழில்? மேஜையில் நாங்கள் தமிழில் சிரிக்கிறோம், தமிழில் சண்டை போடுகிறோம், விதியை மட்டும் இங்கிலீஷில் புரட்டுகிறோம். ஒரு புத்தகம் 50 டாலர். விடுதியில் இருக்கிற தம்பி அதை எங்கே வாங்குவான்?

அதனால் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். அந்தத் திறந்த விதிகளை வைத்து, 'வெள்ளைக்கல் சுரங்கம்' என்று 48 பக்கத்தில் ஒரு தமிழ் சாகசம். களம் இந்தச் சேர்வராயன் அடிவாரம்தான். டிராகன் கிடையாது, கைவிட்ட சுரங்கம் ஒன்றும், மலைப்பாதையில் காணாமல் போன லாரி ஒன்றும் உண்டு.

இதை எப்படி விற்பது? கடை வழியாகப் போனால், அமெரிக்கக் கணக்குப்படி அட்டை விலை 100 என்றால் பதிப்பாளர் கைக்கு வருவது சுமார் 40. அச்சு, ஓவியம் எல்லாம் அதற்குள். சின்ன ஆளுக்குக் கட்டாது. அதனால்தான் இன்று பலரும் வாசகரிடம் முன்பணம் வாங்கிப் புத்தகம் போடுகிறார்கள். 'அவதார் லெஜன்ட்ஸ்' என்ற விளையாட்டுக்கு 2021இல் 81,000 பேருக்கு மேல் சேர்ந்து 95 லட்சம் டாலர் முன்பணம் கட்டினார்கள். இது நமக்குப் புதிது ஒன்றுமில்லை. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கினார்களே, அவர்களுடைய சந்தாதாரர்கள் புத்தகம் வருமுன்பே பணம் கட்டுகிறவர்கள்தாம்.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது நன்கொடை இல்லீங்க, முன்பதிவு. 200 பேர் பெயர் கொடுத்தால் அச்சுக்குப் போகும். சேராவிட்டால் கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும். அதற்கு முன்பு இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று குழுவாக ஆடிப் பார்த்து, எங்கே புரியவில்லை, எங்கே போரடிக்கிறது என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லவேண்டும். சோதித்துப் பார்க்காத பம்பை நாம் அனுப்புவோமா?

இந்த நூலையும் அதே திறந்த உரிமத்தில்தான் விடப்போகிறேன். இரண்டாவது சாகசத்தை நான் எழுதவேண்டும் என்பதில்லை. ஏற்காட்டை வைத்து ஒருவர், மேட்டூர் அணையை வைத்து ஒருவர், கொல்லிமலையை வைத்து ஒருவர் எழுதட்டும். விற்கட்டும், காசும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

முன்பதிவு நோட்டு வாசலில் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் மேஜையிலேயே இருக்கிறது. டோக்கன் வாங்கும்போது பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.