மதுவிலக்குச் சட்டமும் தண்டனையின் எடையும்

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலின் 8ஆம் பதிவு, போதை தரும் மதுவகைகளைக் காய்ச்சுதல், வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், வாங்குதல், விற்றல் ஆகிய அனைத்தையும் மாநிலச் சட்டமன்றத்திடம் ஒப்படைக்கிறது. அதே பட்டியலின் 51ஆம் பதிவு, மனிதர் அருந்தும் மதுவின்மீது ஆயத்தீர்வை, அதாவது உற்பத்தியைப் பொறுத்த வரி, விதிக்கும் உரிமையையும் மாநிலத்துக்கே தருகிறது. 47ஆம் பிரிவோ மருந்துத் தேவை நீங்கலாக மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆயினும் அது வழிகாட்டும் நெறிமுறைக் கோட்பாடே அன்றி, எவரும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமை அன்று. மது வணிகம் குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியபின், முழுமையாக விலக்குவதும், உரிமம் வழங்குவதும், தானே கடை வைத்து விற்பதும் மாநிலத்தின் விருப்பத்துக்கு உட்பட்டவை என்பது உறுதியாயிற்று.

இம்மூன்று நிலைகளையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கண்ட மாநிலம் தமிழ்நாடு. இராஜாஜி அமைச்சரவை இயற்றிய 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் முதலில் அவருடைய சொந்த மாவட்டமான சேலத்தில் அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபரில் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. மதுவால் வந்த வருவாயின் இழப்பை ஈடுசெய்யவே 1939இல் பொது விற்பனை வரி புகுத்தப்பட்டது. பின்னாளில் மது திரும்பி வந்தபோது அந்த வரி விடைபெற்றுச் செல்லவில்லை என்பதைப் பொருளியலார் போதிய அளவு சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை. 1971இல் ஒத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் சட்டத்தின் பெயர் மாறவில்லை. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டும் வருவாய், மதுவிலக்கு என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சட்டத்தின் தனியுரிமைப் பிரிவின் வழியாகவே கருவூலத்தை அடைகிறது.

ஆகவே இன்று இச்சட்டம் தண்டிப்பது மது அருந்துதலை அன்று. அரசின் கடையைச் சுற்றிக்கொண்டு செல்லும் மதுவையே அது தண்டிக்கிறது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்பது, கடை திறக்கும் நண்பகல் 12 மணிக்கு முன்னும் மூடும் இரவு 10 மணிக்குப் பின்னும் விற்பது, காந்தி பிறந்தநாள், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவுநாள் போன்ற விடுமுறை நாள்களில் பதுக்கி விற்பது ஆகியன விதிமீறல்கள். மேற்கு மாவட்டங்களில் சந்துக்கடை எனப்படும் திருட்டு விற்பனையிடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் அரசுக் கடையிலிருந்தே வாங்கிச் செல்லப்பட்ட புட்டிகள் என்பது இந்த ஏற்பாட்டின் இயல்பை விளக்கப் போதுமானது.

சட்டத்தின் 4ஆம் பிரிவே குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் மையப் பிரிவு. அதன் இரண்டாம் உட்பிரிவு ஓர் அனுமானத்தை ஏற்படுத்துகிறது: மதுவோ காய்ச்சும் கலமோ ஒருவரிடம் கைப்பற்றப்பட்டு, அது தம்மிடம் வந்த வகைக்கு அவர் நம்பத்தக்க விளக்கம் தர இயலாவிடில், மறுப்புச் சான்று வரும்வரை அவர் குற்றம் புரிந்தவராகவே கொள்ளப்படுவார். குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது என்ற பொதுநெறியை இது தலைகீழாக்குகிறது. கல்வராயன் மலையில் ஊறல், அதாவது வெல்லமும் பட்டையும் இட்டுப் புளிக்கவிட்ட நீர், கண்டுபிடிக்கப்பட்டால், மாதிரி மட்டும் எடுத்து முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியது அங்கேயே கொட்டி அழிக்கப்படும். சாராயம் நிரப்பிய லாரி ட்யூப்பை ஏற்றிவந்த இருசக்கர வாகனம் பறிமுதலாகும். இவற்றோடு, 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், பேச்சுவழக்கில் குண்டாஸ், பன்னிரண்டு மாதம் வரை தடுப்புக் காவலுக்கு இடம் தருகிறது. தடுப்புக் காவல் தண்டனை அன்று. இனிமேல் குற்றம் நிகழாதிருக்க விசாரணையின்றி அடைத்துவைக்கும் நடவடிக்கை அது. விசாரணைக்குரிய குற்றத்தை விசாரித்து முடிப்பதைவிட இது எளிது என்பதே அதன் கவர்ச்சி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், அம்மாத இறுதியிலேயே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மரணம் நேர்ந்தால் ஆயுள் முழுவதும் கடுங்காவலும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும், பிற குற்றங்களில் பத்தாண்டு வரை கடுங்காவலும் 5 இலட்சம் வரை தண்டமும் விதிக்க வழி பிறந்தது. கலப்படச் சாராயத்துக்கெனத் தனி உட்பிரிவு அதற்கு முன்பும் இருந்ததையும், அதற்கு முந்தைய ஆண்டில்தான் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் மாண்டதையும் கருதினால், தண்டனையின் எடை கூடியதால் மட்டும் எது மாறும் என்ற கேள்வி எழுவதைத் தவிர்க்க முடியாது.

இக்கேள்விக்குப் பீகார் ஓரளவு விடை தருகிறது. 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கை அறிவித்த அம்மாநிலம், அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தில், குடித்தவருக்கே ஐந்தாண்டுக்குக் குறையாத சிறையை விதித்தது. வீட்டில் மது அகப்பட்டால் குடும்பத்தின் வயதுவந்தோரும் பொறுப்பாளிகளாயினர். பிணை மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் குவிந்தன. தொலைநோக்கின்றி வரையப்பட்ட சட்டத்துக்கு எடுத்துக்காட்டு என்று 2021 டிசம்பரில் இந்தியத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா இதனைப் பொதுமேடையிலேயே குறிப்பிட்டார். 2018இல் ஒருமுறை தளர்ந்த சட்டம் 2022இல் மேலும் தளர்ந்து, முதன்முறை குடித்துப் பிடிபட்டவர் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டம் கட்டி விடுபடலாம் என்ற நிலைக்கு இறங்கியது. 2016இல் கோபால்கஞ்சில் நிகழ்ந்த நச்சுச்சாராய மரணங்களுக்காக 2021இல் ஒன்பது பேருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை மறுஆண்டே பாட்னா உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் மீண்டும் பலர் மாண்டனர். கடுமை கூடக்கூட, அதைத் தாங்கும் சான்றின் தரமும் கூட வேண்டும். புலனாய்வு பழைய நிலையிலேயே இருந்தால், ஏட்டில் உயர்ந்த தண்டனை நீதிமன்றத்தில் நிற்பதில்லை.

கொல்லும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் சிக்கலின் இடம் தெளிவாகும். மெத்தனால் ஊறலில் கொல்லும் அளவுக்கு விளைவதன்று. வண்ணப்பூச்சு, பிசின், மருந்துத் தொழில்களுக்காக ஆலையில் செய்யப்படுவது. உடலுள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குவது. போதைக்கு உரிய எத்தனாலைவிட மலிவு என்பதால், கள்ளச்சாராயத்தில் அது கலக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு விதிகள் மெத்தில் ஆல்ககாலை உரிமத்துக்கும் இருப்புக் கணக்குக்கும் ஏற்கெனவே உட்படுத்தியுள்ளன. ஆகவே இல்லாதது விதி அன்று. பீப்பாய் ஒன்று கிடங்கிலிருந்து கணக்கில் வராமல் வெளியேறும் கணமே குற்றத்தின் தொடக்கம். சட்டத்தின் முழு எடையோ பல கைகள் மாறியபின் தெருமுனையில் பொட்டலம் விற்பவர்மீதே இறங்குகிறது. அவர் தாம் விற்பது இன்னதென அறியாதிருக்கவும் கூடும்.

தொழிற்சாலை ஆல்ககால் யாருடைய கட்டுப்பாட்டுக்கு உரியது என்ற பழைய ஐயத்தையும் 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நீதிபதி பி.வி. நாகரத்னா ஒருவரின் மாறுபட்ட தீர்ப்புடன், மாநிலங்களின் பக்கம் தீர்த்துவைத்தது. 1989இல் ஏழு நீதிபதிகள் அளித்த தீர்ப்பு அத்துடன் மாற்றப்பட்டது. மெத்தனாலை மையமாகக் கொண்ட வழக்கு அன்று அது. ஆயினும் ஆலைவாயிலில் நின்று கணக்கு கேட்க அதிகாரம் போதவில்லை என்ற சமாதானத்துக்கு இனி இடம் குறைவு. அக்கணக்கைப் பார்க்க எத்தனை அலுவலர்கள், எத்தனை ஆய்வகப் பணியாளர்கள் என்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கையில் ஆண்டுதோறும் முடிவாகும் செய்தி.