'ஏலியன்': பயம் எங்கிருந்து வருகிறது?



1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தைப் பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள் பலவகை. வெறும் பேய்க்கதை, பாழடைந்த பங்களாவுக்குப் பதில் விண்கப்பல் என்கிறார்கள் சிலர். முதல் பாதி நகரவே இல்லை என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. சாப்பாட்டு மேஜையில் கேனின் மார்பைப் பிளந்து ஜந்து கிளம்பும் காட்சியை மறக்க முடியவில்லை என்போர் அநேகர்.

இவற்றை நாம் தள்ளவில்லை. பயமுறுத்தவே எடுத்த படம், நன்றாகவே பயமுறுத்துகிறது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது?

'நாஸ்ட்ரோமோ' போர்க்கப்பல் அல்ல. தாதுப்பொருளை இழுத்துவரும் கப்பல். ஊழியர் 7 பேர். இன்ஜின் பகுதியில் உழைக்கும் பார்க்கரும் பிரெட்டும் கேட்பது என்ன? போனஸ்! மற்றவர்களுக்குள்ள முழுப் பங்கு எங்களுக்கு ஏன் இல்லை என்கிறார்கள். மர்மமான சமிக்ஞையை விசாரிக்க மறுத்தால் பங்கே கிடையாது என்று ஒப்பந்தத்தைக் காட்டி வாயடைக்கிறார் விஞ்ஞான அதிகாரி ஆஷ்.

பின்னால் ரிப்ளி கம்ப்யூட்டரில் படிக்கும் ரகசிய உத்தரவு என்ன? ஜந்துவைக் கொண்டுவருவதே முக்கியம். ஊழியர் போனாலும் பாதகமில்லை! ஆஷோ மனிதனே அல்ல, கம்பெனி வைத்த யந்திரம்.

ஜந்து கொல்வது அதன் சுபாவம். கம்பெனி கணக்குப் பார்த்துக் கொல்கிறது. எது பயங்கரம்?

இப்படத்தை எடுத்ததும் லாபம் தேடும் கம்பெனிதானே என்று கேட்கலாம். உண்மைதான். கடைசியில் ஒரு பூனையோடு ரிப்ளி மட்டுமே தப்புகிறார். கம்பெனியிடம் கணக்குக் கேட்பார் அங்கே எவருமில்லை. அது படத்தின் குறை.

ஆயினும் தோழர்களே, மறுமுறை பார்க்கும்போது ஜந்துவோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த உத்தரவையும் படியுங்கள்!